கண்டாயம் திறந்து கிடந்த நாள்

நாவல்முறிப்புச் சுப்பம்மாவுக்கு "ஏனெண்டால்" என்று தொடங்குகிற கதை எதுவும் பிடிக்காது. யாராவது அப்படித் தொடங்கினால் மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்துப் பாக்குச் சீவ ஆரம்பித்துவிடுவார். கதை முடிவதற்குள் வெற்றிலையைச் சப்பித் துப்பி வாயும் கொப்பளித்துவிடலாம் என்பது அவருடைய அனுபவம். "நடந்தத மொதல்ல சொல்லுங்க, அதுக்கு முந்தினத அப்புறமாப் பாப்போம்" என்பார். அப்புறம் என்பது வருவதேயில்லை.

இப்படிப்பட்டவரைத்தான் ஊர் பிடித்து விசாரணைக் கதிரையில் இருத்தியது. புளியங்குளம் சந்தியிலிருந்து கிழக்கே உள்ளே போனால் வருகிற சின்னக் குளத்து ஊர் அது. விதைப்புக்கு முன்னர், வயல் செய்கிறவர்களின் கமக்காரர் அமைப்புக் கூட்டம் கூடும்போது மூன்று பேரைத் தெரிவுசெய்வார்கள். அந்தப் போகத்தில் பயிர் அழிவு ஏதும் நடந்தால் அந்த மூவரும் இருந்து கேட்கவேண்டும். சட்டம் இதுதான் என்று சொல்வது அமைப்புத் தலைவர் சிவராசாவின் வேலை. நடந்தது என்ன, அது யாருடைய கை என்று சொல்வது மூவரின் வேலை. மூவரும் ஒன்றாகச் சொல்லிவிட்டால் அதைத் தலைவராலும் மாற்ற முடியாது.

மூவரில் ஒருவர் பெண்ணாக இருக்கவேண்டும் என்று அரசாங்கக் கமநல நிலையத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். சிவராசா கூட்டத்தைப் பார்த்தார். ஆண்கள் தங்கள் தங்கள் மனைவிமாரைப் பார்த்தார்கள். மனைவிமார் நிலத்தைப் பார்த்தார்கள். உரம் எப்போது வரும் என்று கேட்பதற்காக முன்வரிசையில் வந்து இருந்த சுப்பம்மா மட்டும் தலைவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் அவர் செய்த பிழை.

சுப்பம்மா பிறந்தது மலையில், அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு, கைப்பிள்ளைத் தம்பியை மடியில் வைத்தபடி லொறியில் வவுனியாவுக்கு வந்து இறங்கியவர். வந்த நாளிலிருந்து காடு வெட்டு, களை பிடுங்கு, நாற்று நடு. பிறர் வயலில் முதுகு வளைத்து வளைத்து, நடுவில் போர் முடிந்த காலத்தில் செட்டிகுளத்து அகதி முகாமிலும் இருந்துவிட்டு வந்து, கடைசியில் குளத்துக்குக் கீழே தனக்கென்று ஓர் ஏக்கர் வயல் கண்டார். அவருடைய பேச்சில் "ஓம்" வன்னியுடையது, "வாங்க" மலையுடையது. இரண்டையும் ஒரே வசனத்தில் வைத்துப் பேசுவார். கேட்பவர்களுக்கும் அது பழகிப்போய்விட்டது.

அவருக்கு "ஏனெண்டால்" மேல் வந்த வெறுப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணம் சொன்னாலே கோபிப்பவருக்கு நாமே காரணம் சொல்கிறோம், பரவாயில்லை. அவருடைய கணவர் சங்கிலி பாலைப்பழக் காலத்தில் மரமேறி, கொப்பு முறிந்து விழுந்து இறந்தவர். அழுது முடிவதற்குள் ஊர் காரணம் தேடத் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் காட்டுக்குப் போனதால்தான் என்றார்கள் சிலர். விடிய சுப்பம்மா வெறுங்குடத்தோடு எதிரே வந்ததால்தான் என்றார்கள் வேறு சிலர். சங்கிலியின் சொந்தக்காரர்களோ இன்னும் பின்னால் போய், அவள் அந்த வீட்டில் கால் வைத்த நேரத்துக்கே போய்விட்டார்கள். அது பல வருடங்களுக்குச் சுப்பம்மாவை விட்டுப் போகவில்லை. கலியாண வீடுகளில் அவர் குடத்தோடு வந்தால் பெண்கள் மெல்ல விலகுவார்கள். சண்டை பிடிக்கிற விலகல் இல்லை, சிரித்துக்கொண்டே விலகுகிற விலகல். அதுதான் மோசம்.

எட்டாம் நாள் சுப்பம்மா தனியாகக் காட்டுக்குப் போய் அந்தக் கொப்பைப் பார்த்தார். வெளியே பச்சை, உள்ளே அரிசிமா மாதிரி உக்கிப் போயிருந்தது. ஊருக்கு வந்து சொன்னார். ஒருவரும் பார்க்க வரவில்லை. வந்தது ஒரேயொரு ஆள், அப்போது சுப்பம்மா களை பிடுங்கிய வயலின் சொந்தக்காரி கமலாசனி. செருப்பும் இல்லாமல் கூடவே நடந்து வந்து, கொப்பில் ஒரு துண்டை முறித்துப் பார்த்து, "கொப்புத்தான், சுப்பம்மா. வேறை ஒண்டுமில்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் சுப்பம்மா அதற்குப் பிறகு நிமிர்ந்து நடந்தார்.

அந்தக் கமலாசனி சென்ற கார்த்திகை மழையோடு காய்ச்சல் வந்து இறந்துபோனார். அவருடைய கணவர் தவராசா வீட்டோடு ஒடுங்கிவிட்டார். மகன் ரஜிதன் அடுத்த வளவில் பெண்சாதி பிள்ளைகளோடு இருக்கிறான். வயல் இரண்டு பேருக்கும் பொது. இப்போது விசாரணைக்கு வந்திருப்பதும் அந்த வயல்தான்.

நாவல்முறிப்பு வயல்வெளிக்கு ஒரே சுற்றுவேலிதான். விதைத்த கையோடு மாடுகளைக் காட்டுப் பட்டிகளுக்குச் சாய்த்துவிட்டு, ஆளாளுக்குப் பங்கு பிரித்து வேலி அடைப்பார்கள். வயல்வெளிக்குள் போய்வர ஒரு வழி வேண்டுமே. இரண்டு துளைபோட்ட கட்டைகளை நட்டு, குறுக்கே மூன்று தடிகளைச் செருகியிருப்பார்கள். அதற்குக் கண்டாயம் என்று பெயர். போகிறவர் தடியை இழுத்துவிட்டுப் போய்த் திரும்பச் செருகவேண்டும். அந்தக் கண்டாயம் பத்மாசனியின் பங்கு வேலியில் இருந்தது. பத்மாசனி கணவர் இல்லாதவர். மகன் கொழும்பில் கட்டட வேலை. வீட்டில் மருமகள் தேனுகாவும் ஒரு பேரப்பிள்ளையும்.

தைப்பூசத்தன்று காலை ஊரே வயலுக்குப் போனது, புதிர் எடுக்க. புதிர் என்பது அந்த வருட நெல்லின் முதல் கதிர். அவரவர் வயலின் ஈசான மூலையில் ஒரு பிடி கதிரை அரிவாளால் அறுத்து, வெள்ளைத் துணியில் சுற்றித் தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அந்த அரிசியையும் சேர்த்துத்தான் அன்றைக்குப் பொங்கல். நாவல்முறிப்பில் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தலையில் கதிர் ஏறிவிட்டால் வீட்டு வாசல் படலைக்குள் போகும்வரை திரும்பிப் பார்க்கக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. ஆகையால் கதிரோடு வருகிறவர் கண்டாயத்துத் தடிகளைத் திரும்பிச் செருகுவதில்லை. அது பின்னால் வருகிற வெறுங்கை ஆளின் வேலை.

அன்று மத்தியானம் கண்டாயம் திறந்து கிடந்தது. கட்டாக்காலி மாடுகள் ஒரு கூட்டமாக உள்ளே போய், நேரே எதிரில் இருந்த தவராசா வயலைத் துவைத்துத் தின்றுவிட்டன. அறுவடைக்கு நின்ற வயல். மாடு யாருடையது என்று கேட்டால் ஊரில் பதில் கிடையாது. பால் கறக்கிற நேரத்தில் ஆள் இருக்கும், பயிர் தின்ற நேரத்தில் ஆள் இருக்காது. பின்னேரம் வயல் பார்க்கப் போன ரஜிதன் தலையில் கை வைத்துக்கொண்டு வரம்பில் இருந்துவிட்டான். அடுத்த நாளே அமைப்பில் முறைப்பாடு வைத்தான். பத்மாசனியின் பங்கு வேலியால்தான் மாடு வந்தது, ஆகவே பத்மாசனி பொறுப்பு.

அந்தப் பொறுப்பு லேசானது இல்லை. கோடை விதைப்பான சிறுபோகத்தில் குளத்து நீர் எல்லோருக்கும் காணாது. கொஞ்ச நிலத்துக்குத்தான் நீர் விடுவார்கள். அதைப் பங்கு வைப்பார்கள். பத்மாசனிக்கு அரை ஏக்கர். யாருடைய வேலியால் அழிவு வந்ததோ, அவருடைய சிறுபோகப் பங்கு அந்த வருடம் அழிவு பட்டவருக்குப் போய்விடும். பத்மாசனி வீட்டில் ஆவணியிலிருந்து அடுத்த தை வரைக்கும் உலை வைப்பது அந்த அரை ஏக்கரில்தான். அது போனால் அந்த மூன்று உயிரும் என்ன செய்யும் என்று ஊருக்குத் தெரியும். ரஜிதனுக்கும் தெரியும். ஆனால் அழிந்துபோன வயலை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு மற்றவர் உலை கண்ணில் படுமா?

விசாரணைக்கு முந்தின நாள் மூவரும் இடம் பார்க்கப் போனார்கள். சுப்பம்மாவோடு மற்ற இருவர், பழைய கமக்காரர் ஐயாத்துரையும் ஓட்டோ ஓட்டுகிற ஜனகனும். ஜனகன் கண்டாயத்தைப் பல பக்கமும் நின்று படம் பிடித்தான். ஐயாத்துரை வரப்பில் நின்று காரணம் சொல்லத் தொடங்கினார்.

"பிழை பிரதேச சபையிலை. ஏனெண்டால் கட்டாக்காலி மாட்டைப் பிடிக்கிறது அவையின்ரை வேலை. அதுக்கும் முன்னாலை பாத்தா, மேய்ச்சல் தரையை வேலி போட்டு அடைச்சவன்தான் பிழை. மேய்ச்சல் தரை இருந்தா மாடு ஏன் இஞ்சை வருகுது? அதுக்கும் முன்னாலை…"

அவரை விட்டால் குளம் கட்டிய காலத்துக்கே போய்விடுவார். சுப்பம்மா வெற்றிலைப் பையை எடுத்தார். அது வெறுமையாக இருந்தது. வேறு வழியில்லாமல் வரம்போரத்தில் பொன்னாங்காணி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே தவராசா வயலின் ஈசான மூலைக்கு நடந்துவிட்டார்.

அங்கே நின்றுவிட்டார்.

மாடு தின்ற நெல்லின் தாள் கிழிந்து, இழுபட்டு, மிதிபட்டுக் கிடக்கும். வயல் முழுக்க அப்படித்தான் கிடந்தது. ஆனால் அந்த மூலையில் ஒரு பிடி அளவுக்கு மட்டும் தாள்கள் ஒரே உயரத்தில், சாய்வாக, நறுக்கென்று அறுபட்டு நின்றன. அரிவாள் பட்ட அறுவை.

யாரோ இந்த வயலில் புதிர் எடுத்திருக்கிறார்கள். அடுத்தவன் வயலில் புதிர் அறுக்க யாருக்கும் பைத்தியமில்லை. தவராசா வீடோ செத்த வீடு. இறந்து ஒரு வருடத்தில் வருகிற ஆட்டைத் திவசம் முடியும்வரை அந்த வீட்டில் பொங்கலும் இல்லை, புதிரும் இல்லை. ரஜிதனே முறைப்பாட்டில், "நாங்கள் இந்த வருசம் புதிர் எடுக்க வயலுக்கே போகேல்லை" என்று சொல்லியிருந்தான். அவன் போகவில்லை என்பது உண்மைதான், தைப்பூசத்தன்று பளையில் மாமனார் வீட்டில் நின்றுவிட்டுப் பின்னேரம்தான் ஊர் திரும்பியவன். அப்படியென்றால் மிச்சம் ஒருவர்தான்.

எல்லோரும் புதிர் எடுத்துக்கொண்டு போய் முடிந்த பிறகு, யார் கண்ணிலும் படாமல் வந்திருக்கிறார். தடியை இழுத்துவிட்டு உள்ளே போய், மூலையில் அறுத்து, தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். தலையில் கதிர். திரும்பவில்லை. பின்னால் தடி செருக ஆள் இல்லை. சுப்பம்மாவுக்கு எல்லாம் கண்முன்னே நடப்பது போலத் தெரிந்தது. செய்யக்கூடாத நாளில் செய்த மனுசன், அதைச் செய்யவேண்டிய முறையில் ஒரு குறையும் விடாமல் செய்திருக்கிறார்.

சுப்பம்மா பொன்னாங்காணியில் ஒரு பிடியைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். மற்ற இருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் தவராசா வீட்டுப் பக்கம் நடந்தார். விசாரணைக்கு முன்னர் மூவரில் ஒருவரும் சம்பந்தப்பட்டவர்களோடு கதைக்கக்கூடாது என்பது தெரிந்தும் நடந்தார். படலைக்கு வெளியே நின்று பார்த்தால் தவராசா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். ஆண்பிள்ளை கூட்டுகிற கூட்டு, குப்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போனது, அவ்வளவுதான். கூப்பிட மனம் வராமல் சுப்பம்மா திரும்பிவிட்டார்.

வீட்டில் கீரையை ஆய்ந்துகொண்டே யோசித்தார். சொல்லாமல் விட்டால் பத்மாசனியின் பங்கு போய்விடும். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். மாட்டை ஊர் மறந்துவிடும், தடியை மறந்துவிடும். ஆட்டை முடியாத வீட்டார் புதிர் எடுத்தார், அதனால்தான் அழிவு வந்தது என்று பிடித்துக்கொள்வார்கள். அடுத்த போகத்தில் நெல்லுக்கு நோய் வந்தாலும் அதுதான் காரணம். குளத்தில் நீர் குறைந்தாலும் அதுதான் காரணம். தவராசா கோயில் படியேறினால் சனம் சிரித்துக்கொண்டே விலகும். அந்த விலகலைச் சுப்பம்மா பல வருடம் பார்த்தவர். தன் கொப்பை வந்து பார்த்த ஒரேயொருத்தியின் புருசனுக்கு அதைத் தன் கையால் கொடுப்பதா?  கீரையோடு வேரையும் சேர்த்து ஆய்ந்துவிட்டதைச் சட்டியில் போடப்போகும்போதுதான் பார்த்தார்.

ஞாயிறு காலை அமைப்புக் கட்டடத்தில் சனம் நிறைந்துவிட்டது. மூவரும் ஒரு பக்கத்துக் கதிரைகளில். நடுவில் சிவராசா. கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் ஒழுங்காகச் சொல்வார்.

"சட்டம் இதுதான்" என்றார். "பங்கு வேலியிலை என்ன நடந்தாலும் பங்குக்காரர்தான் பொறுப்பு. வேறை ஒரு கைதான் திறந்து விட்டதெண்டு தெரிஞ்சால் ஒழிய. வேறை கை இருக்கோ இல்லையோ எண்டு நான் சொல்லேலாது. அதை இந்த மூண்டு பேரும்தான் சொல்லவேணும்."

ரஜிதன் எழுந்து தன் அழிவைச் சொன்னான். சத்தம் போடவில்லை. வயல் நின்ற நிலையைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் உடைந்தது. அவனுக்குப் பக்கத்தில் தவராசா, கழுத்தில் சால்வையோடு, நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

பத்மாசனியைக் கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார். "நான் கதிரோடை முன்னாலை போனனான். திரும்பிப் பாக்கேல்லை. பின்னாலை பிள்ளை வந்தவள். அவள் போட்டவள் எண்டுதான் சொல்லுறாள். நான் அவளை நம்புறன்."

தேனுகா எழுந்தாள். "எல்லாருக்கும் கடைசியா நான்தான் வந்தனான். என்ரை தலையிலை கதிர் இல்லை. பிள்ளையைக் கீழை இறக்கி விட்டிட்டு மூண்டு தடியையும் போட்டிட்டுத்தான் வந்தனான்."

"மாமிக்காக மருமகள் சொல்லுற சாட்சிதானே" என்று ஜனகன் மெல்ல ஐயாத்துரையின் காதில் சொன்னான். மெல்லச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

ஐயாத்துரை தாடையைச் சொறிந்தார். "மாமிக்காகப் பொய் சொல்லுற மருமகளை இந்த ஊரிலை நான் இன்னும் காணேல்லை" என்றார். சனம் சிரித்தது. தேனுகாவும் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்துவிட்டாள்.

சிரிப்பு ஓய்ந்ததும் கதை பழையபடி சுற்றத் தொடங்கியது. தடி பழசு, தானாக விழுந்திருக்கும் என்றார் ஒருவர். மாடு கொம்பால் இழுத்திருக்கும் என்றார் இன்னொருவர். கண்டாயத்தைத் தெற்குப் பக்கம் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது என்று ஐயாத்துரை தன் வழக்கமான பயணத்தைத் தொடங்கினார். சிவராசா கையை உயர்த்தினார்.

"இப்பிடிப் போனால் முடியாது. வேறை கை எண்டு ஒருத்தரும் காட்டேல்லை. காட்டாட்டி பங்குக்காரர் பொறுப்பு. மூண்டு பேருக்கும் இன்னும் கேக்கிறதுக்கு ஏதும் இருக்கோ?"

ஐயாத்துரை இல்லை என்றார். ஜனகன் இல்லை என்றான். பத்மாசனி சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கைகளைப் பார்த்ததும் சுப்பம்மாவுக்கு இனிச் சும்மா இருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

"எனக்கு ஒரு கேள்வி இருக்குங்க" என்றார். "ஒன்னே ஒன்னு. தவராசா ஐயாகிட்ட."

தவராசா தலையை நிமிர்த்தினார்.

"ஐயா, தைப்பூசத்தன்னைக்குக் கண்டாயத்தத் தாண்டிக் கடைசியா வெளிய வந்தது யாருங்க?"

 தவராசா சுப்பம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுத்துச் சொல்ல ஆளில்லை, மூலையில் அறுபட்ட தாளைப் பார்த்தவர் ஒருவரைத் தவிர. ஆனால் அந்த மனிதர் பத்மாசனி நிற்கிற பக்கத்தைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார். "தடியை எடுத்ததும் நான்தான். திருப்பிப் போடேல்லை. எனக்குப் பின்னாலை ஒருத்தரும் வரேல்லை எண்டும் எனக்குத் தெரியும்."

ரஜிதன் எழுந்துவிட்டான். "அப்பா? நீங்கள் ஏன் அண்டைக்கு அங்கை…"

"தம்பி, இருங்க" என்றார் சுப்பம்மா. "அது வேணாம்."

"ஏன் வேண்டாம்? என்ரை வயலெல்லோ போனது? ஏன் போனவர் எண்டு தெரிய வேண்டாமோ?"

சிவராசாவும் கதிரையில் முன்னுக்கு நகர்ந்தார். அவருடைய வாயிலும் அதே கேள்வி வந்து நின்றது. சனத்தில் சிலர் கழுத்தை நீட்டினார்கள்.  சுப்பம்மா விட்டுக்கொடுக்கவில்லை.

"ஓம் தம்பி, உங்க வயல்தான்" என்றார். "ஆனா மாடு ஏன்னு கேட்டுக்கிட்டு உள்ள வரல. தடி கீழ கிடந்துச்சு, வந்துச்சு. அது கேக்காதத நாம ஏங்க கேக்கணும்?" பிறகு சிவராசாவின் பக்கம் திரும்பினார். "அண்ணே, யார் கைன்னு சொல்லத்தானே எங்க மூணு பேரையும் இருத்தினீங்க. ஏன்னு சொல்லச் சொல்லி யாரும் இருத்தலையே. வேற கைன்னா வேற கைதான். அந்தக் கைக்கு என்ன அவசரமோ, என்ன துக்கமோ, அது எங்க வேலை இல்லீங்க."

சிவராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒழுங்கு தவறாத மனிதர். அறிய ஆசை ஒரு பக்கம், ஒழுங்கு ஒரு பக்கம். கடைசியில் ஒழுங்குதான் வென்றது.

"அவ சொல்லுறது சரி" என்றார். "மூண்டு பேரும் சொல்லுங்கோ."

"வேறை கை" என்றார் ஐயாத்துரை. தேனுகாவைப் பார்த்து, "தடி போட்டது உண்மைதான் பிள்ளை" என்றும் சேர்த்துக்கொண்டார். ஜனகனும் வேறை கை என்றான். சுப்பம்மாவும் சொன்னார். அந்தக் கை அழிவு பட்டவருடைய கையாகவே இருந்தபடியால் யாரும் யாருக்கும் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை என்று சிவராசா முடித்துவைத்தார். பத்மாசனியின் சிறுபோகப் பங்கு பத்மாசனிக்குத்தான். அதைக் கேட்ட பிறகுதான் பத்மாசனி கதிரையில் இருந்தார். இருந்தவர் உடனே எழும்பவில்லை.

ஊருக்கு ஒன்றும் விளங்காமல் போகவில்லை. தைப்பூசத்தன்று அந்த நேரத்தில் ஒருவர் வயலுக்குள் என்ன செய்வார் என்று கணக்குப் போடத் தெரியாத ஊர் இல்லை அது. ஆனால் விசாரணையில் கேட்கப்படாத கேள்வியை வெளியே எடுத்துப் பேச யாருக்கும் பிடி கிடைக்கவில்லை. "கேட்டவையோ?" என்றால் "கேக்கேல்லை." அதோடு கதை நின்றுவிடும்.

சனம் கலையத் தொடங்கியது. ரஜிதன் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போனான். வாசலில் சுப்பம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது தவராசா பக்கத்தில் வந்து நின்றார்.

"நீர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்" என்றார்.

"தெரியுங்க ஐயா. அதான் கேக்கல. மூலையில பாத்தேன்."

தவராசா சால்வையால் முகத்தைத் துடைத்தார். அந்த மனிதருக்கு யாரிடமாவது சொல்லவேண்டியிருந்தது. சுப்பம்மா செருப்புத் தேடுவதை விட்டுவிட்டு நின்றார்.

"அந்த வயல் அவ விதைச்சது" என்றார் தவராசா. "ஐப்பசியிலை எனக்கு நாரி பிடிச்சுக் குனிய நிமிர ஏலாமல் போச்சு. விதைநெல்லுப் பெட்டியை இடுப்பிலை வைச்சுக்கொண்டு முழுவதும் அவதான் எறிஞ்சவ. முளை பச்சை பிடிச்சதைக் கண்டவ, கதிரைக் காணேல்லை. ஆட்டை எண்டு எனக்குத் தெரியாதோ? அவ விதைச்சதிலை ஒரு பிடி அவவுக்குப் படைக்காமல் விட மனம் கேக்கேல்லை, சுப்பம்மா. அந்த ஒரு பிடியை எடுக்கப்போய் மிச்சம் முழுக்க மாட்டுக்குக் குடுத்திட்டன்."

"படைச்சீங்களா?"

"ஓம். நானே குத்தி, நானே பொங்கினனான். கொஞ்சம் அடிப்பிடிச்சுப்போச்சு. படத்துக்கு முன்னாலை வைச்சனான்." அவர் தெருவைப் பார்த்தார். "அவ விதைச்சதிலை வீடு வந்து சேந்தது அவ்வளவும்தான்."

 ஊர் பார்க்கிறதே என்று நினைக்காமல் சுப்பம்மா வாசற்படியில் நின்றபடியே அழுதார்.  தவராசா குனிந்து, செருப்புக் குவியலுக்குள் கிடந்த சுப்பம்மாவின் செருப்பை எடுத்து அவர் கால் முன்னே வைத்துவிட்டுப் போனார்.